ஒரே கட்டிலருகே வைத்தியரும் விஞ்ஞானியும்

பொழுது புலர்வதற்கு முன்பே செனாயிலிருந்தும் கூலாயிலிருந்தும் புறப்பட்டு, ஒரு பகுதி தொழிற்பேட்டைகளை நோக்கியும் மற்றொரு பகுதி ஜொகூர் பாருவைக் கடந்து சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கியும் விரைகின்ற மோட்டார் சைக்கிள்களின் வரிசையைக் கண்டு பழகியவர்கள், அவற்றுள் ஏதோ ஒன்று என்றோ ஒரு நாள் சறுக்கி விழுந்து, அதை ஓட்டிச் சென்ற இளைஞனின் முதுகெலும்பு நொறுங்கி, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கி, அந்தக் கணம் முதல் அவன் கால்கள் அவன் சொற்படி கேளாமற் போய்விடுகின்ற துன்பத்தையும் தங்கள் உற்றார் உறவினரிடையே எங்கேனும் கண்டே இருப்பார்கள். மலேசியாவில் சாலை விபத்துகளில் மாண்டுபோகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பது எல்லோரும் அறிந்த செய்தி. மாளாமல், ஆனால் எழுந்து நிற்கவும் இயலாமல், இருபது வயதிலும் முப்பது வயதிலும் கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் உரியவர்களாகிவிடுகிறவர்களைப் பற்றிய செய்தியோ விபத்து நடந்த மறுநாளோடு முடிந்துவிடுகிறது. உலகெங்கும் இப்படித் தண்டுவடப் பாதிப்போடு வாழ்கிறவர்கள் 1.5 கோடிக்கு மேற்பட்டவர்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது.

இவர்களின் பொருட்டு நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. தண்டுவடப் பாதிப்பைப் பற்றி மனித குலம் இதுகாறும் பெற்றுள்ள பிரயோஜனமான அறிவில் பெரும்பகுதி, நோயாளியைத் தினந்தோறும் தொட்டுப் பார்க்கின்ற வைத்தியரும், உடலின் இயக்கத்தை அளந்து பார்க்கின்ற விஞ்ஞானியும், அந்த நோயாளியின் கட்டிலருகே ஒன்றாக நின்றபோது கிடைத்ததாகும். நம்முடைய ஜொகூர் மாநிலத்திலோ, அடிபட்டவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், திறமை வாய்ந்த வைத்தியர்கள் ஜொகூர் பாருவின் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள், உயிர்மருத்துவப் பொறியியலில் தேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் செனாயை அடுத்த ஸ்கூடாயிலேயே, மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். ஆயினும் இம்மூவரையும் தண்டுவடம் என்னும் ஒரு விஷயத்தின் பொருட்டு நிரந்தரமாக ஓரிடத்தில் கூட்டி வைக்கின்ற ஏற்பாடு நமக்கு வேண்டியிருக்கிறது. அதை இப்போதே தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கூட்டுறவு என்ற சொல்லை மேடைதோறும் கேட்டுச் சலித்தவர்களுக்கு, அது எப்படிப்பட்ட பலனைத் தரவல்லது என்பதை ஒரு பழைய உதாரணத்தால் விளக்குவது நலம். இரண்டாவது உலக யுத்தம் வரையில், தண்டுவடம் அறுபட்ட போர்வீரன் பிழைப்பான் என்று எந்த வைத்தியரும் மனதார நம்பியதில்லை. படுக்கைப் புண்ணாலோ, சிறுநீர்ப்பையில் தொடங்கிச் சிறுநீரகத்தைப் பற்றுகின்ற கிருமி நோயாலோ, அவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலோ சில வருஷங்களிலோ இறந்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத நரம்பியல் வைத்தியரான லுட்விக் குட்மன், 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் இத்தகையோருக்கென்றே தனிப் பிரிவு ஒன்றின் பொறுப்பை ஏற்று, நோயாளியை இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தும், சிறுநீரைக் கிருமி சேராத முறையில் வெளியேற்றியும், அவர்களைச் சாவிலிருந்து மீட்டதும், பின்னர் விளையாட்டின் மூலம் வாழ்வுக்கு மீட்டெடுத்ததும், அந்த விளையாட்டே இன்று பாராலிம்பிக் என்று உலகப் புகழ் பெற்றிருப்பதும் பலரும் அறிந்த சரித்திரம்.

பலரும் அறியாத பகுதியே நமக்கு இங்கு வேண்டுவது. கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு விசித்திரமான நிலை அவ்வப்போது தோன்றும். நலமாகப் படுத்திருந்தவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளப்பது போன்ற தலைவலி வரும், முகமும் கழுத்தும் சிவந்து, நெற்றியில் வியர்வை அரும்பும், மூக்கடைக்கும், நாடித் துடிப்பு மெல்லக் குறையும். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த உடலியல் விஞ்ஞானியான டேவிட் விட்டரிட்ஜும் குட்மனும் சேர்ந்து, நோயாளிகளின் சிறுநீர்ப்பையைச் சிறிது சிறிதாக நிரப்பி, அவர்களுடைய இரத்த அழுத்தம் என்ன ஆகிறது என்று கவனமாக அளந்தார்கள். பை நிரம்ப நிரம்ப அழுத்தம் ஏறியது. பையைக் காலி செய்தபோது இறங்கியது. உணர்ச்சியற்றது என்று எண்ணப்பட்ட கீழ் உடலிலிருந்து, நிரம்பிய பையின் செய்தி தண்டுவடத்தின் அறுபடாத கீழ்ப் பகுதிக்குச் சென்று, அங்கிருந்தே இரத்தக் குழாய்களை இறுகச் செய்கிறது என்பதும், அழுத்தம் ஏறியதை அறிந்த மூளை அதைத் தணிக்க அனுப்புகின்ற ஆணை அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே இறங்க முடியாமல் மேலேயே நின்றுவிடுகிறது என்பதும் தெளிவாயின. 1947-இல் 'பிரெய்ன்' என்னும் மருத்துவ இதழில் இருவர் பெயரிலும் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

குட்மன் தனியே இருந்திருந்தால், தலைவலி கண்ட நோயாளிக்கு அனுபவத்தால் ஏதேனும் செய்திருப்பார். ஏன் வந்தது என்பது தெரிந்திராது. விட்டரிட்ஜ் தனியே இருந்திருந்தால், இரத்தக் குழாய்களின் அனிச்சைச் செயலைப் பற்றி நன்றாக எழுதியிருப்பார். ஒரு மனிதனின் தலைவலியோடு அதை இணைத்துப் பார்க்கின்ற சந்தர்ப்பம் அவருக்குக் கிட்டியிராது. இருவரும் சேர்ந்ததனால், இன்று உலகின் எந்த மூலையிலுள்ள அவசரப் பிரிவிலும், கழுத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவர் ஏறிய இரத்த அழுத்தத்தோடு வந்தால், அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் எங்கேனும் மடங்கியிருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது பாடமாகியிருக்கிறது. மடங்கிய குழாயை நேராக்குவதற்குச் சில விநாடிகள் போதும். அதைச் செய்யத் தெரியாமற் போனால் மூளையில் இரத்தம் கசிந்து ஓர் உயிர் போகலாம்.

நம் தமிழ் நிலத்துக்கு வருவோம். வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இளம் வைத்தியரான மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கத்தி பிடித்த கை நலமாகவே இருந்தது. தொழுநோயால் விரல்கள் மடங்கிப் போனவர்களுக்குக் கை அறுவைச் சிகிச்சை செய்வதில் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட் அப்போது வேலூரில் இருந்தார். அவருடைய வழிகாட்டுதலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்த அறுவைச் சிகிச்சையை மேரி வர்கீஸ் கற்றுக்கொண்டு செய்யலானார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கி வைத்தார். இந்தியாவில் அத்தகைய நிலையம் அதுவே முதலாவது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிகிச்சை அளிப்பவரும் சிகிச்சைக்கு உரியவரும் ஒரே ஆளாக அமைந்த அந்த அபூர்வமான தொடக்கம், வேலூரின் மறுவாழ்வுத் துறைக்கு ஒரு தனித் தன்மையைக் கொடுத்துவிட்டது என்று நான் எண்ணுகிறேன். நோயாளிக்கு என்ன வேண்டும் என்பதை அங்கே யாரும் ஊகித்தறிய வேண்டியிருக்கவில்லை.

அந்தத் துறையிலிருந்துதான், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஜார்ஜ் தாரியன் என்னும் மறுவாழ்வு வைத்தியர், அதே கல்லூரியின் உயிரியற் பொறியியல் துறையைச் சேர்ந்த சுரேஷ் தேவசகாயம் முதலியோருடன் சேர்ந்து, தண்டுவடம் பாதிக்கப்பட்ட எலிகளில் ஒரு பரிசோதனையை நடத்தினார். நம் மூக்கின் மேற்பகுதியில் வாசனையை அறிகின்ற நரம்புகள் ஆயுள் முழுவதும் அழிந்து அழிந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அவ்வாறு முளைக்கின்ற நரம்பிழைகளைப் போர்த்தி வழிநடத்திச் செல்கின்ற உயிரணுக்கள் அங்கே உண்டு. மூக்கிலே நிகழும் அந்த அற்புதத்தைத் தண்டுவடத்திலும் நிகழ்த்த முடியுமா என்ற கேள்வியை, லண்டனில் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் முதலிய விஞ்ஞானிகள் முன்பே எழுப்பியிருந்தார்கள். வேலூர்க் குழுவினர் அவ்வணுக்களை எலிகளின் தண்டுவடத்தில் செலுத்தியபோது, கால்களின் அசைவில் முன்னேற்றம் காணப்பட்டதை 2011-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் எழுதினார்கள். எலியில் கண்டது மனிதனில் கண்டதாகாது. ஆயினும், காலையில் நோயாளிகளைப் பார்த்த வைத்தியரும், மின்னலைகளை அளக்கத் தெரிந்த பொறியாளரும், உயிரணுக்களை வளர்க்கத் தெரிந்தவர்களும், தமிழ்நாட்டின் ஓர் உள்ளூர் நகரத்தில் ஒரே வளாகத்துக்குள் சேர்ந்து ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள் என்பதே எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. இதே வேலூரின் சிவக்குமார் பாலசுப்பிரமணியனும், சென்னை ஐ.ஐ.டி.யின் சுஜாதா ஸ்ரீநிவாசனும் சேர்ந்து, நரம்புப் பாதிப்பால் வலுவிழந்த கைகளுக்குப் பயிற்சி தருவதற்காகப் 'புளூட்டோ' என்ற சிறிய இயந்திரத்தை உருவாக்கியதும் இந்த வழியில் வந்ததே.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மறுவாழ்வு வைத்தியரான நசிரா ஹஸ்னானும், உயிர்மருத்துவப் பொறியியல் அறிஞரான நூர் அசா ஹம்சாயிட்டும், சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கிளென் டேவிஸும் சேர்ந்து பல வருஷங்களாக நடத்தி வருகின்ற ஆராய்ச்சியை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். செயலிழந்த தொடைத் தசைகளின் மேல் மின்முனைகளை ஒட்டி, அளந்த மின்சாரத்தைக் கிரமமாகச் செலுத்தினால், மூளையின் ஆணை எட்டாத அத்தசைகள் சுருங்கி விரிகின்றன. எந்த நேரத்தில் எந்தத் தசையைச் சுருக்க வேண்டும் என்பதைக் கருவி கணித்து இயக்கும்போது, நடக்க இயலாத ஒருவர் தம் சொந்தக் கால்களாலேயே சைக்கிள் மிதிக்கிறார். இது வேடிக்கைக்காகச் செய்வதன்று. பயன்படாத தசை சில மாதங்களில் வற்றிவிடுகிறது. எலும்பு தன் சாரத்தை இழக்கிறது. பெருந்தசைகள் உழைக்காதபோது இருதயமும் தன் வலுவை இழக்கிறது. பழைய காலத்தில் இவர்களைச் சிறுநீரக நோய் கொன்றதென்றால், இன்று நெடுநாள் வாழத் தொடங்கிய பின் இருதய நோயும் இவர்களைத் தேடி வருகிறது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதை விவரித்தால்தான் இருவரின் சேர்க்கை எதற்கு என்பது விளங்கும். நாம் இயல்பாக ஒரு காலை நீட்டும்போது, மூளை முதலில் மெல்லிய, எளிதில் களைக்காத தசையிழைகளை அழைத்து, தேவை கூடக் கூடத்தான் வலிய இழைகளை அழைக்கிறது; ஒரு கூட்டம் உழைக்கும்போது மற்றொரு கூட்டம் இளைப்பாறுகிறது. வெளியிலிருந்து செலுத்தப்படும் மின்சாரத்துக்கு அந்த விவேகம் இல்லை; சீக்கிரம் களைக்கின்ற வலிய இழைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே கணத்தில் ஒரே தாளத்தில் அது சுருக்குவதனால், சில நிமிஷங்களிலேயே தசை தளர்ந்துவிடுகிறது. களைப்பு வருவதைச் சக்கர நாற்காலியில் இருப்பவரால் சொல்லவும் முடியாது, ஏனெனில் அவருக்கு அங்கே உணர்ச்சியில்லை. ஆகவே, சுருங்கும் தசையிலிருந்து தோலின் மேற்பரப்பில் எழுகின்ற நுண்ணிய அதிர்வுகளை உணர்கருவியால் கேட்டு, தசை களைக்கிறதா என்று அறிகின்ற முறையைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள். அதிர்வின் கணக்கைப் பொறியாளர் அறிவார். எந்த நோயாளியின் எலும்பு எவ்வளவு உழைப்பைத் தாங்கும், எவருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதை வைத்தியர் அறிவார். ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்த மின்சாரத்தின் அளவைத் திருகுவது அபாயம்.

இனி, விஞ்ஞானிகள் தனியே இருந்தால் எதை மறந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்டுவடப் பாதிப்பு என்றதும், அதை அனுபவியாத எல்லோருடைய மனத்திலும் எழும் ஆசை, அவர் எழுந்து நடக்க வேண்டும் என்பதே. ஆராய்ச்சிக்கூடங்களும் நெடுங்காலம் அந்த ஒன்றையே இலக்காகக் கொண்டு உழைத்தன. தாமே கழுத்துத் தண்டுவடப் பாதிப்போடு வாழ்கின்ற விஞ்ஞானியான கிம் ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்டுப் பார்ப்போம் என்று 681 பேரிடம் கேட்டு, 2004-இல் அந்த விடைகளை வெளியிட்டார். கைகளும் கால்களும் செயலிழந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர், தங்களுக்கு முதலில் திரும்ப வேண்டியது கையின் செயலே என்றார்கள். கால்கள் மட்டும் செயலிழந்தோர் மற்ற எதையும்விட அதிகமாக முதலிடம் தந்தது இல்லற வாழ்வின் இன்பத்தைத் திரும்பப் பெறுவதற்கே. சிறுநீரையும் மலத்தையும் அடக்கியாளும் சக்தி வேண்டும் என்ற ஏக்கம் இரு சாராரிடமும் பலமாக ஒலித்தது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தானே ஒரு கரண்டியைப் பிடித்துச் சோறுண்ணவும், தானே குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிக்கொள்ளவும் முடிந்த ஒருவர், தாயையோ மனைவியையோ எதிர்பாராமல் ஒரு நாளைக் கழிக்கலாம், வேலைக்குப் போகலாம். பத்தடி தூரம் ஊன்றி நடப்பதனால் அவ்வளவு சுதந்திரம் கிடைப்பதில்லை.

அந்தக் குரல் விஞ்ஞானத்தின் காதில் விழுந்ததற்கு அடையாளங்கள் தெரிகின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், நரம்பு விஞ்ஞானியான கிரெகுவார் கூர்ட்டீனும், மூளை அறுவைச் சிகிச்சை வைத்தியரான ஜோசலீன் பிளாக்கும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி உலகப் பிரசித்தம். தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பதித்து, அடிபட்ட இடத்துக்குக் கீழே உறங்கிக் கிடக்கும் நரம்பணுக்களை எழுப்பி, செயலிழந்தோர் சிலரை அவர்கள் 2018-இல் நடக்கச் செய்தார்கள். 2023-இல் நெதர்லாந்து நாட்டவர் ஒருவரின் மூளையிலிருந்தே நடக்கும் எண்ணத்தைக் கருவியால் படித்துத் தண்டுவடத்துக்கு அனுப்பிக் காட்டினார்கள். கண்ணைக் கவர்ந்தது அந்த நடையே. எனினும் என் மனத்தை அதிகம் கவர்ந்தது, அந்த ஆராய்ச்சி மரபிலிருந்து பிறந்த மற்றொரு கருவி: அறுவை எதுவும் இல்லாமல், கழுத்தின் தோலின் மேலேயே மின்முனைகளை ஒட்டிக் கைகளுக்குப் பயிற்சி அளிக்கும் அக்கருவியைப் பல மருத்துவமனைகளில் 60 பேரிடம் சோதித்தபோது, அவர்களில் 72 சதவீதத்தினருக்குக் கையின் வலுவிலும் செயலிலும் முன்னேற்றம் ஏற்பட்டதாக 2024-இல் வெளியான அறிக்கை கூறுகிறது, அவர்களுள் விபத்து நேர்ந்து பல வருஷம் கழிந்தவர்களும் இருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி வழங்கிற்று. ஆண்டர்சனின் கேள்விக்கும் இக்கருவிக்கும் இடையே இருபது வருஷங்கள் கழிந்துவிட்டன. தொடக்கத்திலேயே நோயாளியைக் கலந்துகொண்டிருந்தால் அதில் சில வருஷங்களையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

வைத்தியர்கள் மட்டும் அவசரப்பட்டால் நேர்வதற்கும் சரித்திரத்தில் சான்று உண்டு. 1990-இல் அமெரிக்காவில் 487 நோயாளிகளிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவாக, விபத்து நேர்ந்த 8 மணி நேரத்துக்குள் மீதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மிக அதிக அளவில் செலுத்தினால் சிறிது நன்மை உண்டு என்று அறிவிக்கப்பட்டது. வேறு மருந்தே இல்லாத நோய்; கதியற்று நின்ற வைத்தியர்கள் உலகெங்கும் அதைப் பற்றிக்கொண்டார்கள்; கொடுக்காவிட்டால் வழக்கு வருமோ என்ற அச்சத்தாலும் பலர் கொடுத்தார்கள். மருந்து பெற்ற அனைவரையும் பெறாத அனைவரோடும் ஒப்பிட்டால் வேற்றுமை தோன்றவில்லை என்பதையும், 8 மணி நேரம் என்று பிரித்துப் பார்த்தபோதே நன்மை தோன்றியது என்பதையும், கணக்கை நுணுகி ஆராய்ந்தவர்கள் எடுத்துக் காட்டியபோது விவாதம் மூண்டது. கிருமி நோய், குடலில் இரத்தக் கசிவு ஆகிய தீங்குகளும் கவனத்துக்கு வந்தன. 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை வைத்தியர்களின் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், அதைக் கொடுக்க வேண்டாம் என்றே கூறிற்று. பின்னர் வந்த வேறொரு சர்வதேச வழிகாட்டுதல், வேண்டுமானால் கொடுக்கலாம் என்ற அளவில் நின்றது. விவாதம் நடந்துகொண்டிருந்த அத்தனை வருஷங்களிலும் அம்மருந்து எத்தனையோ பேரின் இரத்த நாளங்களில் ஏறிக்கொண்டே இருந்தது.

இதைவிடக் கொடியது, ஸ்டெம் செல் என்ற பெயரால் நடக்கும் வியாபாரம். அண்டை நாடுகளுக்கு விமானமேறி, வீட்டையோ நகையையோ விற்ற பணத்தைக் கொட்டி, நிரூபணமற்ற ஊசிகளைத் தண்டுவடத்தில் போட்டுக்கொண்டு, போனபடியே திரும்பி வருகிற குடும்பங்களின் துயரம் என் நெஞ்சை அறுக்கிறது. மகனுக்காக எதையும் இழக்கத் துணிகின்ற ஒரு தகப்பனாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு உண்மையை எடுத்துச் சொல்ல, அவர் நம்பக்கூடிய ஒருவர் அவருடைய ஊரிலேயே இல்லாமற் போனதுதான் குறை. எவரெஸ்ட் சிகரத்தில் 1965-இல் ஏறிய சில மாதங்களுக்குள் யுத்தத்தில் குண்டடிபட்டு நடக்க இயலாமற் போன மேஜர் அலுவாலியா புதுடில்லியில் நிறுவிய இந்திய முதுகுத்தண்டுக் காய நிலையத்தில், சாப்ரா என்னும் அறுவை வைத்தியரும் அவருடைய சகாக்களும் மூக்கின் திசுவை 5 நோயாளிகளின் தண்டுவடத்தில் வைத்துப் பார்த்து, குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை என்பதை 2009-இல் ஒளிக்காமல் எழுதினார்கள். கிட்டவில்லை என்று அச்சில் எழுதுகின்ற அந்த நேர்மை, விளம்பரம் செய்வோரிடம் கிடையாது. வைத்தியரும் விஞ்ஞானியும் சேர்ந்து இயங்கும் நிலையம் ஒன்று அருகில் இருந்தால், அத்தகப்பனார் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

ஜொகூரில் இது கைகூடுமா என்று ஐயுறுவோருக்கு, இதே ஸ்கூடாயில் இதே மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோலாலம்பூரிலுள்ள தேசிய இருதயக் கழகத்தோடு சேர்ந்து இருதயப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தியிருப்பதை நினைவூட்டுகிறேன். இருதயத்துக்குச் செய்ததைத் தண்டுவடத்துக்கும் செய்யலாம். பணத்தைப் பொறுத்த வரையில், முதலாளிகளும் தொழிலாளர்களும் செலுத்தும் சந்தாவால் நடைபெறும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, மலாக்காவில் 2014 முதல் பெரிய மறுவாழ்வு நிலையம் ஒன்றை நடத்தி வருகிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் அது பொறுப்பேற்கிறது. காயமடைந்த தொழிலாளிக்கு மாதந்தோறும் உதவித் தொகை தருகின்ற ஒரு ஸ்தாபனத்துக்கு, அவரை மீண்டும் வேலையில் அமர்த்தக்கூடிய ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவது செலவாகாது.

பணத்தைவிட அரிதாக இருப்பது நேரம். அரசாங்க மருத்துவமனை வைத்தியர் ஒருவர் காலை முதல் மாலை வரை நோயாளிகளின் கூட்டத்தில் நின்றுவிட்டு, இரவில் ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரோ, எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார் என்ற கணக்கைக் கொண்டே பதவி உயர்வு பெறுகிறார். ஒரு வருஷம் வார்டில் உட்கார்ந்து நோயாளிகளின் பேச்சைக் கேட்டதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆகவே, வாரத்தில் ஒரு நாளை வைத்தியருக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிக் கொடுப்பதும், அதே நாளில் பொறியாளரை மருத்துவமனைக்கு அனுப்பி அந்த நாளை அவருடைய பணியாகவே ஏற்றுக்கொள்வதும், இரு ஸ்தாபனங்களின் தலைவர்களும் எழுத்தில் செய்துகொள்ள வேண்டிய உடன்படிக்கை. அந்த நாளில் எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் மேசையில், சக்கர நாற்காலியில் வாழ்கின்றவர்களுக்கும் ஓட்டுரிமையோடு கூடிய இடம் இருக்க வேண்டும்.

முதல் ஆராய்ச்சி எதுவாக இருக்கலாம் என்று என்னைக் கேட்டால், நம் வெயிலைப் பற்றியதாக இருக்கட்டும் என்பேன். தண்டுவடம் கழுத்தில் பாதிக்கப்பட்டவருக்கு, அந்த இடத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை. வியர்வை இல்லாத உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள இயலாமல், சுற்றியுள்ள சூட்டோடு தானும் ஏறுகிறது. பாதிப்பு இடுப்பளவில் நின்றவருக்கோ வியர்வை இருக்கிறது. நாள் முழுவதும் ரப்பர் நுரை மெத்தையில் அமர்ந்திருக்கும் அவருடைய தோல் அந்த ஈரத்தில் ஊறி மெலிந்து, உணர்ச்சியில்லாததனால் அவர் அறியாமலே புண்ணாகிறது. அரை மணிக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கி இறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தகரக் கூரையின் கீழே பிற்பகல் இரண்டு மணிக்கு அதைத் தவறாமல் செய்வது எளிதன்று. குளிர்நாடுகளில் வடிவமைத்த மெத்தைகளும், குளிர்நாடுகளில் எழுதிய விதிகளும், பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் எப்படிப் பொருந்தும் என்பதை இங்குள்ள நாம்தான் கண்டறிய முடியும். மெத்தையின் சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் கருவியைப் பொறியாளர் செய்வார். தோலின் நிலையை வைத்தியர் கூறுவார். எந்த மெத்தையில் உட்கார்ந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கணக்கெழுதி, மாலை வரை தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதை உட்கார்ந்திருப்பவர் கூறுவார்.

இம்மூவரும் சேர்ந்து அமரும் கூட்டத்தைக் கூலாய் மருத்துவமனையில் கூட்டினால், செனாய்வாசிகளும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்களும் வந்து சேர்வது எளிது. சக்கர நாற்காலியை ஏற்றிக்கொள்கின்ற வாகனம் இல்லாததனாலேயே வீட்டை விட்டு வெளியேறாமல் கிடப்பவர்கள் பலர் உண்டாகையால், ஆராய்ச்சிக்கான வரவுசெலவுத் திட்டத்தில் கருவிகளின் விலைக்கு முன்னதாக அவர்களுடைய போக்குவரத்துச் செலவை எழுதிக்கொள்ளுமாறு, அத்திட்டத்தைத் தீட்டப்போகிறவர்களை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.